எந்த செல்லும்மா?

கேள்வி: ஃபார்ம் ஒன் படிக்கிற என் பையன், "உடம்புல இருக்கிறதும் செல், ஜெயில்ல இருக்கிறதும் செல்லா?"ன்னு கேட்கிறான். என்ன சொல்றது சார்? (வாசகி, செந்தூல்)

பதில்: ரெண்டும் ஒரே வார்த்தைதாம்மா. லத்தீன்ல செல்லான்னா சின்ன அறை. 1665-ல ராபர்ட் ஹூக் கார்க்கை மெல்லிசா சீவி மைக்ராஸ்கோப்ல பாத்தாரு, தேன்கூடு மாதிரி குட்டி குட்டி அறையா தெரிஞ்சுது, அந்தப் பேரையே வச்சிட்டாரு. அவர் பாத்தது செத்த கார்க்கோட வெறும் சுவருதான், உள்ள ஒண்ணும் கெடயாது. மலாய்லயும் ரெண்டுக்கும் செல்தான். சயின்ஸ் இதோட போதும்.

ஜெயில்னு சொன்னீங்க பாருங்க, அதுக்கு வர்றேன். நம்ம கோலாலம்பூர் புடு ஜெயில். 1895-ல கட்டி முடிச்சு 1996-ல மூடினது. 2010 ஜூன்ல ஒரு ராத்திரி மெஷினோட வந்து கைதி படம் வரைஞ்ச வெளிச்சுவரையே இடிச்சாங்க, ஏன்யான்னு கேட்டா அதுல பெருமைப்பட ஒண்ணுமில்லன்னு நாடாளுமன்றத்துலயே பதில் வந்துச்சு. ஜெயிலை வச்சு பெருமைப்படணும்னு எவன் கேட்டான்? தூக்குல போட்ட எடம்யா அது, ஊருக்கு ஞாபகம் இருக்கணும்ல! இப்ப அங்க லாலாபோர்ட் மால். பழைய கேட்டை மட்டும் விட்டு வச்சிருக்காங்க, அது முன்னாடி நின்னு செல்ஃபி வேற. நான் இதை எழுதினா "சார் மறுபடியும் புடுவா"ன்னு ஆபீஸ்ல சிரிக்கிறானுங்க. சிரிங்கடா.

அப்புறம் போன். ஊரை சின்னச் சின்ன வட்டாரமா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் டவர் வச்சதால அதுவும் செல்லு. தமிழ்நாட்டுல அப்படியே புடிச்சிக்கிட்டாங்க, நமக்கு அது ஹேண்ட்போன், எழுதினா கைப்பேசி. எங்க அத்தை சென்னைக்குப் போன் போட்டு மாமா எங்கன்னு கேட்டிருக்கு, அந்தப் பக்கம் மருமக "மாமா செல்லுல இருக்காரு, ஒரு மணி நேரமா விடமாட்டேங்கிறாங்க"ன்னு சொல்லியிருக்கா. அவ்வளவுதான், ஐயோ லாக்கப்புல போட்டுட்டானுங்களேன்னு அத்தை அழுது, பக்கத்து வீட்டு லாயர் தம்பிய எழுப்பி, மாரியம்மனுக்கு நேர்ந்துக்கிட்டு, அந்தத் தம்பியும் தூக்கக் கலக்கத்துல "என்ன கேஸுக்கா"ன்னு கேக்க, "பேசுனதுக்காம்டா"ன்னு இது சொல்ல, அரசியல் கேஸ்னா நான் வரலன்னு அவன் கதவை சாத்திட்டான். மாமா பேசிக்கிட்டு இருந்தது கேஸ் சிலிண்டர் கம்பெனிக்கு. இதுக்குத்தான் கைப்பேசின்னு எழுதுங்கய்யான்னு நான் கத்துறேன், அலைபேசிதான் சரின்னு ஒரு நண்பர் இன்னும் லெட்டர் போடுறாரு.

ஒண்ணு சொல்லிடுறேன். புடு பத்தி நாங்க போட்ட பழைய இதழ் வேணும்னு யாரும் கூப்பிடாதீங்க, பாதி செல்லரிச்சிடுச்சு. இந்த செல்லு மட்டும் சுத்தத் தமிழு, கரையான்.