பேத்தி சொல்லும் "அவுச்"

கேள்வி: என் பேத்திக்கு நாலரை வயது. ஆங்கில முன்பள்ளிக்குப் போகிறாள். போன கிழமை முற்றத்தில் ஓடி விழுந்து, முழங்காலை உரசிக்கொண்டு "அவுச், அவுச்" என்று கத்தினாள். "அம்மா எண்டு சொல்லு பிள்ளை" என்று நான் திருத்தப்போக, மகள் என்னோடு கோபித்துக்கொண்டாள். என் அக்கா மோசம் போன செய்தியைச் சொன்னபோது மகனும் போனில் "ஓ மை கோட்" என்றுதான் சொன்னான். நோவையும் துக்கத்தையும்கூட இங்கிலிஸில்தான் சொல்ல வேண்டுமா?
- ஒரு வாசகி, கொக்குவில்

பதில்: தங்கச்சி, முதலில் முழங்கால். மண் பட்ட காயத்தை ஓடுகிற தண்ணியில் நன்றாகக் கழுவினீர்கள்தானே? அந்த நேரத்தில் சொல்லைத் திருத்தக் கூடாது. இதில் நான் உங்கள் மகளின் பக்கம்.

நோகும்போது கத்துவது நல்லது. பனிக்குளிர் தண்ணிக்குள் கையை வைக்கச் சொல்லி 2015-இல் ஒரு பரிசோதனை செய்தார்கள். "அவ்" என்று சத்தமிட்டவர்கள், பேசாமல் இருந்தவர்களைவிடக் கூடிய நேரம் தாக்குப்பிடித்தார்கள். 131 மொழிகளை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வு 2024-இல் வந்தது. நோவைக் காட்டும் சொற்களில் "ஆ", "ஐ", "ஔ" மாதிரி வாயை அகலத் திறக்கிற ஓசைகள்தான் கூடுதலாக வருகின்றனவாம். நம்முடைய "ஐயோ"வும் பேத்தியின் "அவுச்"சும் அவ்வளவு தூரத்துச் சொந்தம் இல்லை. 2016-இல் ஒக்ஸ்போட் அகராதியே "ஐயோ"வைச் சேர்த்துக்கொண்டது.

சரி, "அவுச்" எப்படி வாய்க்கு வந்தது? நான் 29 வருசம் தாதியாக இருந்தவள். காயத்தோடு ஒட்டிப்போன துணியை சேலைனால் நனைத்து மெதுவாக உரிக்கும்போது, சின்னப் பிள்ளைகள் காயத்தைப் பார்ப்பதில்லை, தாயின் முகத்தைத்தான் பார்க்கும். தாய் "ஸ்ஸ்" என்றால் பிள்ளையும் "ஸ்ஸ்" என்னும். முன்பள்ளியில் ஓடிவந்து தூக்குகிற ரீச்சர் "அவுச்" என்று சொல்லியிருப்பா. வீட்டில் விழுந்தால் முதலில் ஓடிப்போகிற ஆள் நீங்கள். "ஐயோ என்ரை குஞ்சு" என்று சொல்லிக்கொண்டே தூக்குங்கள். அவ்வளவு போதும், தானாக ஒட்டும்.

எனக்கு உண்மையில் பயம் வேறு இடத்தில். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு இளம்பொடியன், "சரியான பெயின் மிஸ்" என்றான். எப்படியான நோ என்று கேட்டால் திரும்பவும் "பெயின்". எரியுதோ, குத்துதோ, முறுக்குதோ, விட்டு விட்டு வருகுதோ என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் டொக்டருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. கால் உளையும், பல் குடையும், கண் கடுக்கும், புண் விண்விண் என்று தெறிக்கும். இத்தனையையும் சொல்ல நமக்குச் சொல் இருக்கிறது. பேத்தி அழுது முடிந்த பிறகு மடியில் வைத்துக் கேளுங்கள்: "எரியுதோ, நோகுதோ?" அவள் யோசித்துப் பதில் சொல்லுவாள்.

மகனின் "ஓ மை கோட்" திடுக்கிட்ட வாயில் வந்தது. அதை வைத்து அவனை எடை போடாதீர்கள். ஆனால் துக்கம் விசாரிப்பது வேறு. அங்கே சொல்லுகிற சொல் கேட்கிறவருக்காக. என் மனுசன் மோசம் போன அன்று வெளிநாடுகளில் இருந்து எத்தனையோ கோல் வந்தது. "ஸோ சொறி அன்ரி" என்று பலர் சொன்னார்கள். எல்லாம் நல்ல பிள்ளைகள்தான், யாரையும் நான் குறை சொல்லவில்லை. பாரிஸில் பிறந்த மருமகன் ஒருவன், தமிழ் தட்டித் தடவிப் பேசுகிறவன், "ஐயோ மாமி" என்றான். அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை. நானும் போனைக் காதில் வைத்தபடி அழுதேன். அன்று அதுவரை எனக்கு அழுகை வந்திருக்கவில்லை.

உங்கள் மகன் பெரியம்மாவின் பிள்ளைகளோடு கதைத்துவிட்டானா? இன்னும் இல்லையென்றால் இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள்.