கிட்டார் கேள்வி–பதில்: மேஜர் கார்டின் மூன்று நிலைகள்

கேள்வி: ஓராண்டாகக் கிட்டார் கற்று வருகிறேன். சி, எஃப், ஜி மேஜர் கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்களை) தடுமாறாமல் வாசிக்கிறேன். இப்போது ஆசிரியர் அவற்றின் இன்வர்ஷன்களையும் கற்கச் சொல்கிறார். அதே மூன்று சுரங்கள்தாமே, பிறகு எதற்கு? எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, மதுரை

பதில்: சுரங்கள் அவையேதாம், எது அடியில், அதாவது மிகத் தாழ்ந்த சுரமாக, நிற்கிறது என்பதே மாறுகிறது. சி-யைச் சட்ஜமமாக வைத்தால், சி மேஜரின் சி, இ, ஜி ஆகியவை ச, அந்தர காந்தாரம், ப ஆகும். சட்ஜமம் அடியில் இருந்தால் மூல நிலை. காந்தாரம் இருந்தால் முதல் இன்வர்ஷன். பஞ்சமம் இருந்தால் இரண்டாம் இன்வர்ஷன். அடிச்சுரம் மாறினாலும் கார்ட் ஒன்றே என்பதைப் பிரெஞ்சு இசையமைப்பாளர் ழான் பிலிப் ராமோ 1722-லேயே கோட்பாடாக வகுத்து எழுதியிருக்கிறார்.

எதற்கு என்று கேட்டீர்கள். ஒரு கார்டைத் தனியே வாசிக்கும்போது இன்வர்ஷனின் அருமை அவ்வளவாகத் தெரியாது. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நகரும்போதுதான் தெரியும். மெல்லிய மூன்று தந்திகளில் மட்டும் இதைச் செய்து பாருங்கள். மூன்றாம், இரண்டாம், முதல் தந்தி (மிக மெல்லியதே முதல் தந்தி) என்ற வரிசையில் சி-க்கு 5, 5, 3 ஆகிய ஃப்ரெட்டுகள் (கிட்டாரின் கழுத்தில் குறுக்குக் கம்பிகள் பிரிக்கும் கட்டங்கள்). எஃப்-க்கு 5, 6, 5. ஜி-க்கு 4, 3, 3. சி-யில் சுட்டு விரல் முதல் தந்தியிலும், மோதிர விரல் மூன்றாம் தந்தியிலும், சுண்டு விரல் இரண்டாம் தந்தியிலும் அமரட்டும். எஃப்-க்குச் சுட்டு விரலை ஐந்தாம் ஃப்ரெட்டில் படுக்க வைத்து, நடு விரலால் இரண்டாம் தந்தியின் ஆறாம் ஃப்ரெட்டை அழுத்துங்கள். ஜி-க்குச் சுட்டு விரல் மூன்றாம் ஃப்ரெட்டுக்கு இறங்கும். நடு விரல் மூன்றாம் தந்திக்குத் தாவும்.

இப்போது ஒவ்வொரு தந்தியையும் தனியே மீட்டி, கூடவே பாடுங்கள். முதல் தந்தி ப, த, ப என்கிறது. இரண்டாவது க, ம, ரி. மூன்றாவது ச, ச, நி. மூன்று பேர் அருகருகே அமர்ந்து, அதிகம் நகராமல் பாடுவதுபோல் கேட்கும். ஓப்பன் கார்டுகளில் (சில தந்திகளை அழுத்தாமல் விட்டு வாசிப்பவை) கை தாவித் தாவிப் போகும்போது இந்த ஒழுக்கு கிடைப்பதில்லை. ஆசிரியர் இன்வர்ஷனை வற்புறுத்துவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

வடிவங்கள் புதியவை என்றும் அஞ்ச வேண்டாம். தொடக்கத்தில் கற்ற ஓப்பன் ஏ, இ, டி கார்டுகளின் இதே மூன்று தந்திகளைப் பாருங்கள். முறையே மூல நிலையும் முதல், இரண்டாம் இன்வர்ஷன்களும் அங்கே இருக்கின்றன. பன்னிரண்டு கார்டுகளுக்கும் அட்டவணை எழுதி மனப்பாடம் செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை. சி மேஜர் ஒன்றையே 5, 5, 3-இலும், 9, 8, 8-இலும், 12, 13, 12-இலும் வாசித்து, ஒவ்வொரு முறையும் அடிச்சுரத்தின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: இதே வடிவங்களை நான்காம், மூன்றாம், இரண்டாம் தந்திகளில் வைத்தால் அபசுரமாக ஒலிக்கிறதே, ஏன்?
– வாசகர், திருச்சி

பதில்: மூன்றாம் தந்திக்கும் இரண்டாம் தந்திக்கும் இடையே மட்டும் நான்கு அரைச்சுர (ஓர் அரைச்சுரம் என்பது ஒரு ஃப்ரெட்) இடைவெளி; அடுத்தடுத்த மற்றத் தந்திகளுக்கு இடையே ஐந்து. அந்த ஒரு வேறுபாடு வடிவத்தைக் குலைக்கிறது. ஆனால் அதுவே ஒரு வசதியையும் தருகிறது: நீங்கள் சொல்லும் மூன்று தந்திகளையும் ஐந்தாம் ஃப்ரெட்டில் ஒரே விரலால் அழுத்தினால், சி மேஜரின் இரண்டாம் இன்வர்ஷன் முழுதாகக் கிடைத்துவிடும்.