ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாதக் கட்டுரையை அலசக் கற்றுத்தருவது எப்படி?

கோத்தகிரிப் பக்கம் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். கருத்து, காரணம், சான்று என்று கரும்பலகையில் வரையறை எழுதிப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முதலில் பிள்ளைகளுக்குத் தெரிந்த விவகாரம் ஒன்று வேண்டும்.

எங்களுக்கு அப்படி வாய்த்தது இ-பாஸ், அதாவது வண்டியில் வருபவர்கள் இணையத்தில் முன்கூட்டியே எடுக்கும் அனுமதிச் சீட்டு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயமானது. 'இ-பாஸ் தொடர வேண்டும்' என்று எட்டு வரிப் பத்தியை நானே எழுதிக் கொடுத்தேன். எழுதியவர் நம்மை எதற்கு இணங்கச் சொல்கிறாரோ அந்த வரிக்குச் சிவப்புக் கோடு. 'ஏன்?' என்பதற்கான பதிலுக்கு நீலம். 'உனக்கு எப்படித் தெரியும்?' என்பதற்குப் பச்சை.

நீலத்தையும் பச்சையையும் பிரிப்பதில்தான் எல்லாரும் தடுக்கி விழுவார்கள். பெரியவர்களும்தான். 'வண்டி பெருகினால் நெரிசல் வரும்' என்பது காரணம். பள்ளி வாசலில் நின்று பத்து நிமிடத்தில் எத்தனை வண்டி போனது என்று எண்ணிக் குறித்தால் அது சான்று. எண்ணவே அனுப்பிவிடுங்கள், பிறகு மறக்கமாட்டார்கள்.

பத்திக்குள் வேண்டுமென்றே ஓர் ஓட்டை வரி வையுங்கள். நான் 'இது எல்லாருக்கும் பிடித்திருக்கிறது' என்று வைத்தேன். பாதி வகுப்பு பச்சைக் கோடு போட்டது. ஒரு சிறுமி மட்டும், "எங்கள் மாமா கடையில் வியாபாரம் குறைந்துவிட்டது, அவருக்குப் பிடிக்கவில்லையே சார்" என்றாள். எதிர்வாதம் என்ற சொல்லை அப்போதுதான் பலகையில் எழுதினேன். மறுநாள் அந்த மாமாவின் தரப்பில் நின்று அவர்களே ஒரு பத்தி எழுதினார்கள்.