வாசகர் கேள்வி – பதில்: பழைய லாரிக்கு டர்போ மாட்டினால் டீசல் பம்பை என்ன செய்வது?

கேள்வி: டர்போ இல்லாத 697 எஞ்சின் கொண்ட பழைய டாடா லாரியில் பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து கொல்லத்துக்குக் காய்கறி ஏற்றிச் செல்கிறேன். புலியரையைத் தாண்டி மலையேறும் வளைவுகளில் இழுவை போதவில்லை. பழைய இரும்புக் கடையில் நல்ல நிலையில் ஒரு டர்போ கிடைக்கிறது. அதை மாட்டிவிட்டு டீசல் பம்பின் திருகைக் கொஞ்சம் முடுக்கினால் போதும் என்கிறார் பட்டறைக்காரர். அப்படிச் செய்யலாமா?
– லாரி உரிமையாளர், பாவூர்சத்திரம்

பதில்: டர்போவை மாட்டலாம், ஆனால் பம்பை வண்டியில் வைத்தபடியே திருகை முடுக்குவது வேண்டாம். எஞ்சினைக் கெடுப்பது பெரும்பாலும் டர்போ அல்ல, அளவு தெரியாமல் கூட்டிய டீசல்தான்.

டர்போ என்பது புகைப்போக்கின் சக்தியால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி. அது தருவது காற்று மட்டுமே. இழுவை டீசலிலிருந்து வருகிறது. உங்கள் எஞ்சின் தானாக உறிஞ்சும் காற்றுக்கு எவ்வளவு டீசல் புகையில்லாமல் எரியுமோ, அந்த அளவில் பம்பின் உச்ச வரம்பைக் கம்பெனியில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பம்பைத் தொடாமல் டர்போவை மட்டும் மாட்டினால் புகை குறையும், சைலன்சர் பக்கத்துச் சூடு இறங்கும். இழுவையில் பெரிய மாற்றம் தெரியாது. ஆகவே டீசலைக் கூட்டத்தான் வேண்டும். எவ்வளவு என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள்.

உங்கள் எஞ்சின் 6 சிலிண்டர், 5,675 சி.சி. கொள்ளளவு உடையது. நிமிடத்துக்கு 2,400 சுற்றில், 38 டிகிரி வெயிலில், அது ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 6.5 கிலோ காற்றை இழுக்கும். புகை தட்டாமல் எரிய, ஒரு பங்கு டீசலுக்கு எடையில் சுமார் 20 பங்கு காற்று வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு தெளிப்பிலும் 54 கன மில்லிமீட்டர் டீசல் போகலாம். பம்ப் சர்வீஸ் கடைக்காரர் மொழியில் அது ஆயிரம் ஸ்ட்ரோக்குக்கு 54 சி.சி. இப்போது 0.6 பார் அழுத்தம் தரும் டர்போவை மாட்டினால் காற்று 60 சதவீதம் கூடிவிடும் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அது சரியல்ல. காற்றை அழுத்தும்போது அது சூடாகி விரிகிறது. நம் பக்கத்து 38 டிகிரிக் காற்று டர்போவை விட்டு வெளியே வரும்போது 100 டிகிரியைத் தாண்டிவிடும். சூட்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் எஞ்சினுக்குள் போகும் காற்றின் எடை 30 சதவீத அளவுக்குத்தான் கூடுகிறது. அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வைத்து 60 டிகிரிக்கு இறக்கினால் அது 50 சதவீதத்தை நெருங்கும். இன்டர்கூலர் இல்லாத உங்கள் வண்டிக்கு, முழு 30 சதவீதத்தையும் டீசலால் நிரப்பாமல், 15 முதல் 20 சதவீதம் வரை கூட்டுவதே என் பரிந்துரை. அதாவது 54 சி.சி. என்பது 62 முதல் 65 சி.சி. வரை போகலாம். மீதமுள்ள காற்று எஞ்சினைக் குளிர்வாக வைத்திருக்கும்.

இந்த அளவைக் காதால் கேட்டோ புகையைப் பார்த்தோ வைக்க முடியாது. பம்பைக் கழற்றி, அது தரும் டீசலை அளக்கும் கேலிப்ரேஷன் பெஞ்சில் ஏற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் ஆறு லைன்களும் ஒரே அளவு தருகின்றனவா என்று முதலில் பார்த்து, பம்புக்குள் டீசலைத் தள்ளும் பிளஞ்சரும் டெலிவரி வால்வும் தேய்ந்திருந்தால் அவற்றை மாற்றிய பிறகே அளவைக் கூட்ட வேண்டும். ஒரு லைன் மட்டும் கூடுதலாகத் தந்தால் அந்தச் சிலிண்டரின் பிஸ்டன்தான் முதலில் உருகும். முழுச்சுமை அளவுக்கான திருகும் உச்ச வேகத்துக்கான திருகும் வெவ்வேறு என்பதையும் கவனியுங்கள். இரண்டாவதை யாரும் தொடக் கூடாது. தொட்டால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் எஞ்சினை அதன் எல்லைக்கு மேல் ஓட விட்டுவிடும். அளவைக் கூட்டியபின் கவர்னர் டீசலை வெட்டும் இடத்தையும் அதே பெஞ்சில் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு பகுதியைப் பற்றிப் பட்டறைக்காரர் சொல்லவில்லை போலிருக்கிறது. டர்போ வகை லாரிகளின் பம்பில் கவர்னருடன் ஓர் அனிராய்டு இருக்கும். எஞ்சினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டிலிருந்து ஒரு குழாய் அதற்கு வரும். டர்போ சுழன்று அழுத்தம் எழும்வரை அதிலுள்ள டயாஃப்ரம் என்ற சவ்வு டீசலைப் பழைய அளவிலேயே பிடித்து நிறுத்தும். அழுத்தம் வந்த பின்புதான், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக்கை மேலும் நகர விடும். அது இல்லாமல் அளவைக் கூட்டினால், கியர் மாற்றி மிதிக்கும் ஒவ்வொரு முறையும், காற்று வந்து சேருமுன் டீசல் வந்துவிடும். மலை வளைவுகளில் நீங்கள் கியர் மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். பாதி எரிந்த டீசல் கரும்புகையாகப் போவதோடு சிலிண்டர் சுவரான லைனரில் படிந்த எண்ணெயையும் கழுவி, மசகெண்ணெயைக் கெடுக்கும். ஆகவே, டர்போ பொருத்திய 697 டிசி எஞ்சினின் பம்பையே அனிராய்டுடன் தேடி வாங்கிப் பெஞ்சில் அளவு வைப்பது, பழைய பம்போடு போராடுவதைவிடச் சிறந்த வழி.

சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலைப் பொறுத்தவரை, கூட்டும் டீசல் 20 சதவீதத்துக்குள் நிற்கும்வரை பழையதே போதும். ஆனால் ஆறையும் சோதித்து, திறக்கும் அழுத்தத்தைக் கம்பெனி அளவில் வையுங்கள். துளை பெரிய நாசிலை மாட்டினால் தெளிப்பு சீக்கிரம் முடியும் என்பது உண்மைதான். அதே பம்பில் அழுத்தம் இறங்கி, துளி பெரிதாகிவிடும் என்பதும் உண்மை. மறுபுறம், பழைய பிளஞ்சரிலேயே அளவை மிகவும் கூட்டினால் தெளிப்பு நீண்டு, பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்கிய பிறகும் டீசல் விழும். அது தள்ளுவதற்குப் பயன்படாமல் வால்வையும் டர்போவையும் சுடும். சூடான, அடர்ந்த காற்றில் டீசல் சீக்கிரம் பற்றிக்கொள்வதால் தெளிப்பு தொடங்கும் நேரத்தை, அதாவது டைமிங்கை, முன்னே தள்ளவே கூடாது. டர்போவுக்கு முன்னால் ஒரு வெப்பமானி வைத்து, ஏற்றத்தில் அது 700 டிகிரியைத் தாண்டாதபடி ஓட்டச் சொல்லுங்கள். எஞ்சினை எப்படியும் பிரிக்கப் போகிறீர்கள் என்றால், டர்போ வகைக்கான பிஸ்டனையே போட்டுவிடுங்கள்.

கேள்வி: டர்போவுக்குப் பதிலாகப் பெல்ட்டில் ஓடும் சூப்பர்சார்ஜர் வைத்தால், அழுத்தம் உடனே கிடைக்குமே?
– மெக்கானிக், கயத்தாறு

பதில்: கிடைக்கும். அனிராய்டின் தேவையும் குறையும். ஆனால் அது சுழலும் சக்தியை எஞ்சினிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. நாள் முழுதும் பாரம் இழுக்கும் லாரிக்கு அந்த டீசல் செலவு கட்டாது. வீணாகும் புகைப்போக்கின் சக்தியைப் பயன்படுத்தும் முறைக்கு ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூஷி 1905-இல் காப்புரிமை பெற்றார். லாரிகள் அந்த வழியில் போனதற்கு இதுவே காரணம்.

கேள்வி: டர்போ மாட்டிய பிறகு என் லாரி புகைச் சோதனையில் தேறவில்லை. சாலையில் ஓடும்போது புகையே இல்லை. எப்படி?
– ஓட்டுநர், ஆலங்குளம்

பதில்: சோதனையில் வண்டியை நிறுத்தி வைத்து, பாரமில்லாமல், ஆக்சிலேட்டரை ஒரே மிதியில் அழுத்துகிறார்கள். பாரமில்லாத எஞ்சினில் டர்போ அழுத்தம் பெரிதாக எழுவதில்லை. கூட்டிய டீசல் மட்டும் முழுதாக உள்ளே போகிறது. உங்கள் பம்பில் அனிராய்டு இல்லை, அல்லது அது டீசலைக் கூட்டிய நிலையிலேயே சிக்கி நிற்கிறது, அல்லது அதன் அளவு தவறாக வைக்கப்பட்டிருக்கிறது. அனிராய்டை முதலில் பாருங்கள். அதோடு, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது, ஆர்.சி. என்ற பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக எஞ்சின் இருந்தால், விபத்து நேரும்போது காப்பீட்டுத் தொகை கிடைப்பதிலும் சிக்கல் வரும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பாவூர்சத்திரம் வாசகரும் டர்போவுக்குப் பணம் கொடுக்கும் முன்பே இதை முடித்துக்கொள்வது நல்லது.