கிருமி நீக்கத்தில் எதைக் கழற்றலாம்?

கேள்வி: நான் பணிபுரியும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் கிருமி நீக்கத்துக்குக் குளோரின் வாயுவையும், பின்னர் எஞ்சிய குளோரினை அகற்றக் கந்தக டை ஆக்சைடு வாயுவையும் பயன்படுத்துகிறோம். கசிவு உணரிகள், கசிந்த வாயுவை உறிஞ்சி நீக்கும் வாயுக் கழுவி, நீரில் உள்ள குளோரினை அளக்கும் பகுப்பாய்வுக் கருவிகள் என்று ஏதாவது ஒன்றைப் பழுது பார்ப்பதிலேயே பொழுது கழிகிறது. இரண்டையும் திரவ வேதிப்பொருள்களாக மாற்றிவிட்டால் எல்லாம் எளிமையாகிவிடுமா?

பதில்: பாதி எளிமையாகும், மீதிப் பாதிக்கு நீங்கள் தனியாக உழைக்க வேண்டும். குளோரின் வாயு காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது என்பதால், கசிந்தால் மேலெழுந்து கலையாமல் தரையோடு படர்ந்து பள்ளங்களில் தங்கிவிடுகிறது. கசிவு உணரியும் வாயுக் கழுவியும் அந்த ஆபத்திலிருந்து உங்களைக் காப்பதற்கென்றே இருப்பவை. கிருமியை அழிப்பதில் அவற்றுக்குப் பங்கில்லை. ஆகவே வாயுவுக்குப் பதில் சோடியம் ஹைப்போகுளோரைட்டும், கந்தக டை ஆக்சைடுக்குப் பதில் சோடியம் பைசல்ஃபைட்டும் வந்த நாளிலேயே இவை தேவையற்றுப் போகும். இந்த ஒரு காரணத்துக்காகவே மாற்றம் தகும் என்பது என் கருத்து.

ஆனால் ஹைப்போகுளோரைட்டுக்கென்று சில குணங்கள் உண்டு. லிட்டருக்கு 125 கிராம் குளோரின் உள்ள கரைசலை வாங்கினால், ஒரு கிலோ குளோரினுக்கு 8 லிட்டர் தேவைப்படும் என்பதால் லாரிகள் அடிக்கடி வரும். அதைத் தவிர்க்கப் பெரிய தொட்டி கட்டி மாதக்கணக்கில் சேமிக்கலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரையில் மிகுந்த இழப்பைத் தரும் 'சிக்கனம்' இதுதான். கரைசல் எவ்வளவு செறிவாக இருக்கிறதோ, எவ்வளவு வெப்பத்தில் வைக்கப்படுகிறதோ, அவ்வளவு விரைவாக அது குளோரேட்டாகவும் ஆக்சிஜனாகவும் சிதைகிறது. செறிவைப் பாதியாக்கினால் சிதையும் வேகம் நான்கில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ குறையும். எனவே வந்த சரக்கை உடனே மென்னீர் சேர்த்து நீர்க்கச் செய்து, நிழலில், சில வாரங்களுக்குள் தீரும் அளவில் வைத்துக்கொள்வதே நல்லது. கடின நீரைச் சேர்த்தால் சுண்ணாம்புப் படிவு குழாயை அடைத்துவிடும்.

சிதைவில் பிறக்கும் ஆக்சிஜன் இன்னொரு தொல்லை. கரைசலை அளந்து செலுத்தும் டயாஃப்ரம் (சவ்வு) வகை டோசிங் பம்பின் தலைப்பகுதியில் வாயு சேர்ந்துவிட்டால் பம்பு ஓடிக்கொண்டே இருக்கும், திரவம் மட்டும் நகராது. குழாயைப் பிசைந்து தள்ளும் பெரிஸ்டால்டிக் பம்புகளில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை. இரண்டு வால்வுகளுக்கு நடுவே கரைசல் அடைபட்டு நிற்கும்படியும் விடக்கூடாது. பந்து வால்வுகள் என்றால் மூடியிருக்கும்போதும் உள்ளே சேரும் வாயு வெளியேறப் பந்தில் தனியாகச் சிறு துளையிட்ட வகையையே வாங்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி வால்வே வெடிக்கக்கூடும்.

பகுப்பாய்வுக் கருவிகளைப் பொறுத்தவரை, கருவியின் மீது பழி போடுமுன் அது எங்கே மாதிரி எடுக்கிறது என்று பாருங்கள். குளோரின் வேலை செய்வதற்காக நீர் அரை மணி நேரம் தங்கும் தொடர்புத் தொட்டியின் கடைசியில் மாதிரி எடுத்து, அதைக்கொண்டு தொட்டியின் தொடக்கத்தில் உள்ள பம்பைக் கட்டுப்படுத்தினால், அரை மணி நேரத்துக்கு முந்தைய தவற்றைத்தான் அது திருத்திக்கொண்டிருக்கும். அளவு ஏறுவதும் இறங்குவதுமாக ஓயாது. நீரோட்ட அளவுக்கு ஏற்பப் பம்பின் வேகம் மாறட்டும். கலவை முடிந்து ஓரிரு நிமிடத்தில் எடுக்கும் மாதிரி அதைச் சிறிதளவு மட்டும் திருத்தட்டும். பெரும்பாலான நிலையங்களுக்கு இதுவே போதும்.

கேள்வி: சில நாள்களில் எவ்வளவு குளோரின் சேர்த்தாலும் எஞ்சிய குளோரின் காட்டுவதே இல்லை. பம்பில் குறையில்லை, கருவியும் சரியாகவே இருக்கிறது. என்ன காரணம்?

பதில்: கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிரிகளுக்குக் காற்றுச் செலுத்தும் உங்கள் காற்றூட்டத் தொட்டியைச் சோதியுங்கள். அம்மோனியா முழுமையாக நைட்ரேட்டாக மாறாமல் நடுவழியில் நைட்ரைட்டாக நின்றுவிட்டால், அந்த நைட்ரைட் தன்னிடம் உள்ள ஒவ்வொரு மில்லிகிராம் நைட்ரஜனுக்கும் ஏறத்தாழ 5 மில்லிகிராம் குளோரினை விழுங்கிவிடும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் நைட்ரைட் நைட்ரஜன் இருந்தாலே 10 மில்லிகிராம் குளோரின் வீண். நீரில் அம்மோனியா போதிய அளவு இருக்கும்போது குளோரின் முதலில் அதனுடன் சேர்ந்து குளோரமின் என்ற சேர்மமாகிவிடுவதால் இந்தத் தொல்லை தலைகாட்டாது. அம்மோனியா தீர்ந்து நைட்ரைட் மட்டும் மிஞ்சும் நாள்களில்தான் நீங்கள் சொல்வது நடக்கும்.

இதற்காக இன்னொரு டோசிங் பம்பு வாங்குபவர்களும் உண்டு. அது தேவையில்லை. கரைந்த ஆக்சிஜன் போதுமா, நுண்ணுயிரிகள் அடங்கிய கசடு நிலையத்தில் போதிய நாள் தங்குகிறதா என்று பார்த்து, அம்மோனியா நைட்ரேட்டாகும் நைட்ரஜனேற்றத்தை முழுமையாக்கினால் நைட்ரைட் தானே மறையும். கிருமி நீக்கத்தை எளிமையாக்க விரும்புவோர் அங்கே கை வைக்குமுன் அதற்கு முந்தைய படிகளைச் சீராக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். கசடு அடியில் படியும் தெளிவுத் தொட்டியிலிருந்து துகள்கள் தப்பி வந்தாலும் இதே கதைதான்: கிருமிகள் துகளுக்குள் ஒளிந்துகொள்ள, ஆபரேட்டர் மருந்தைக் கூட்டிக்கொண்டே போவார்.

கேள்வி: இடம் குறைவாக இருப்பதால் ஹைப்போகுளோரைட், பைசல்ஃபைட் தொட்டிகளை கசிவு வெளியே பரவாமல் தேக்கும் ஒரே அணைசுவருக்குள் வைத்து, ஒரே நிரப்புக் குழாயால் இரண்டையும் நிரப்பலாமா?

பதில்: கூடாது. பைசல்ஃபைட் அமிலத் தன்மை கொண்டது. அது செறிந்த ஹைப்போகுளோரைட்டுடன் கலந்தால் கடும் வெப்பம் எழும், குளோரின் வாயுவும் வெளிப்படலாம். எந்த வாயுவைத் துரத்தத் திரவத்துக்கு மாறினீர்களோ, அதையே வாசலில் வரவேற்பதாகிவிடும். அணைசுவர்கள் தனித்தனியாக இருக்கட்டும். நிரப்பு முனைகளின் அளவும் வடிவமும் வேறுபட்டிருக்கட்டும். ஒன்றின் குழாய் மற்றதன் முனையில் பொருந்தவே கூடாது. ஃபெரிக் குளோரைடு, படிகாரக் கரைசல் ஆகியவையும் அமிலமே என்பதால், அவற்றின் லாரி வரும்போது ஹைப்போகுளோரைட் முனை பூட்டப்பட்டு, சாவி பொறுப்பாளரிடம் இருக்க வேண்டும்.