தலைக்கவசத்துக்குள் ஒரு காதல்

கேள்வி: கார்ப் பந்தயத்தில் எதிரெதிராக நிற்கும் இரண்டு பெண்கள் காதலிப்பதாக ஆங்கிலத்தில் இளையோர் நாவல்கள் வருகின்றன. இது நம்பும்படியான கதைதானா?

பதில்: தாராளமாக நம்பலாம். 1975ஆம் ஆண்டு பார்சிலோனாவின் மோன்ட்யூயிக் சாலைகளில் நடந்த பந்தயம் விபத்தால் பாதியிலேயே நிறுத்தப்பட, ஆறாமிடத்துக்கு அரைப் புள்ளி பெற்ற இத்தாலியின் லெல்லா லொம்பார்தி, ஃபார்முலா ஒன் உலகப் பட்டப் போட்டியில் புள்ளி எடுத்த ஒரே பெண். அவருடைய வாழ்க்கைத் துணையும் ஒரு பெண்தான்.

பெண்களுக்கென்று 2023இல் தொடங்கிய எஃப்1 அகாடமி என்ற பந்தயத் தொடரில் எல்லோருக்கும் ஒரே வகைக் கார் என்பதால், தோற்றவர் வண்டியின் மேல் பழிபோட்டுத் தப்புவது கடினம். நாவலாசிரியருக்கு இதைவிட நல்ல களம் ஏது? ஒரே அணியின் ஓட்டுநர்கள், எந்த வளைவில் யார் எவ்வளவு தாமதமாக பிரேக்கை மிதித்தார் என்பதைக் கணினித் திரையில் வரைபடக் கோட்டின் மேல் கோடு வைத்து ஒப்பிடுவது அன்றாட வேலை. தோழியின் துணிச்சலை அந்தக் கோட்டில் கண்டு முதலில் பொறாமைப்பட்டவள், அடுத்த பந்தயத்துக்குள் மனத்தைப் பறிகொடுப்பது இயல்பாகவே அமையும். இவ்வளவு இருக்க, காதலைச் சொல்ல வைப்பதற்காகவே ஒரு விபத்தை நுழைத்து மருத்துவமனைக்கு ஓடும் கதைகள்தாம் எனக்கு அலுப்பூட்டுகின்றன.