தைலம் தேய்த்தால் வலி ஏன் கூடுகிறது?

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது. நாலு மாதமாகக் காலையில் இரண்டு கை விரல் மூட்டுகளும் வீங்கி, ஒரு மணி நேரத்துக்கு மடக்கவே முடிவதில்லை. தைலம் தேய்த்தால் வலி கூடுகிறது. வைத்தியர், 'இது ஆமவாதம், காரணம் வயிற்றில் இருக்கிறது' என்கிறார். கை வலிக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம்?
- வாசகி, ஓமலூர்

பதில்: ஆயுர்வேதக் கணக்குப்படி சம்பந்தம் உண்டு. ஆயிரம் வருஷத்துக்கும் முந்தைய மாதவ நிதானம் என்ற ஆயுர்வேத நூல் ஆமவாதத்துக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறது. பாலும் மீனும் போல ஒன்றுக்கொன்று ஆகாத சாப்பாடு, மந்தமான ஜீரணம், உடம்பை அசைக்காமல் கிடப்பது, நெய் சொட்டச் சொட்டச் சாப்பிட்ட கையோடு உடற்பயிற்சி செய்வது (பிரியாணி முடித்து நேராக ஜிம்முக்குப் போகிறவர்கள் கவனிக்க) என்று காரணங்களை அடுக்குகிறது. இதனால் சரியாகச் செரிக்காமல் பிசுபிசுப்பாகத் தங்குவதுதான் ஆமம். வாயு அதைத் தள்ளிக்கொண்டு போய், கபம் குடியிருக்கும் மூட்டுகளில் சேர்க்கிறது. வீக்கம், விறைப்பு, தேள் கொட்டினாற்போல வலி, கூடவே பசியின்மை, உடம்பு பாரம், லேசான காய்ச்சல். அம்மாவுக்குச் சாப்பாடு பிடிக்கிறதா என்று கேளுங்கள்.

ஏற்கெனவே பிசுக்காக இருப்பதன் மேல் எண்ணெயும் சேர்ந்தால்? அதனால்தான் இந்தக் கட்டத்தில் தைலம் வேண்டாம் என்பார்கள். வறுத்த மணலைத் துணியில் முடிந்து, சூடு பொறுக்கும் அளவில் ஒத்தடம் கொடுப்பதே முறை. பக்கத்து வீட்டுப் பாட்டியின் முழங்கால் தேய்மானம் வேறு, அது சந்திவாதம், அதற்குத் தைலம் கேட்கும். ஆனால் உள்ளுக்குக் கொடுக்கும் விளக்கெண்ணெய்க்கு மட்டும் விலக்கு உண்டு. உடம்பாகிய காட்டில் திரியும் ஆமவாத யானையைக் கொல்லும் சிங்கம் அது என்றே ஒரு சுலோகம் இருக்கிறது. அதற்காக நீங்களே அளந்து ஊற்றிவிடாதீர்கள், வைத்தியர் சொல்லட்டும்.

சரி, இது சாஸ்திரம் சொல்வது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் சந்தேகம் வருகிறது. நோய் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்கும் நோய் அது. பரம்பரைக்கும் புகைபிடிப்பதற்கும் அதில் பங்குண்டு, அம்மா என்றோ சாப்பிட்ட மீன் குழம்பைக் குற்றம் சொல்ல ஆதாரம் இல்லை. தாமதித்தால் எலும்பு அரித்து விரல் கோணிவிடும், அப்புறம் எந்த மருந்தாலும் நிமிர்த்த முடியாது. இந்த வாரமே மூட்டுவாத நிபுணரிடம் காட்டி, ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி., இ.எஸ்.ஆர். ஆகிய ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்துவிடுங்கள். இந்த நோய்க்கான மெத்தோட்ரெக்ஸேட் மருந்தை எழுதிக் கொடுத்தால் கஷாயத்தை நம்பி நிறுத்தக் கூடாது. கஷாயம் குடிப்பதை அந்த டாக்டரிடம் மறைக்கவும் கூடாது.